எட்டாம் கல்லில் ஒரு கோடு

கைகள் முதலில் கல்லை நனைத்தன. மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர்க் குப்பி ஒன்று மேலே கம்பியில் தலைகீழாகத் தொங்கியது. சொட்டு உளி விழும் இடத்தில் சரியாக விழுகிறதா என்று பார்த்து, குப்பியை இரண்டு விரல் தள்ளிக் கட்டின. வலது கட்டைவிரலின் நகம் எப்போதோ நசுங்கிக் கறுத்து அப்படியே தடித்துப்போயிருந்தது. அந்த நகத்தால் கல்லின் முகத்தை நெடுக வருடின. மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஈரத்தில் கரையாத மெழுகுக் குச்சியால் மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் இழுத்தன. சுத்தியலை எடுத்தன. அப்புறம் நின்றுவிட்டன.

"வாசியும் ஓய்," என்றார் கைகளுக்கு உரியவர்.

எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குச் சலிப்பு. "அதான் சீட்டுல எழுதித் தந்திருக்கேனே."

"சீட்டு கண்ணுக்கு. எனக்குக் காதுலயும் கேக்கணும்."

"இயமம்."

"எமனா?"

"எமன் இல்ல ஓய். இயமம். இனா போட்டு."

"செரி. கடைசிக் கல்லுக்கு என்ன?"

"சமாதி."

சுத்தியல் கீழே போனது. "துவக்கத்துல எமன். கடைசியில கல்லறை. இத வாசிச்சுக்கிட்டு எவன் உமக்க மாடிக்கு ஏறுவான்?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒருவருக்கு இருமலாக மாறி, அது அடங்கும்வரை மற்றவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருமியவர் பெயர் கிளீட்டஸ். கல்லறைக் கல் வெட்டுகிறவர். வாசிக்கக் கேட்காமல் உளி வைப்பதில்லை என்பது அவருடைய தொழில் வழக்கம். துக்க வீட்டில் எழுதுகிற சீட்டை நம்ப முடியாது. இறந்தவரின் பெயர் வர வேண்டிய இடத்தில், எழுதின தம்பியின் பெயரே இருந்ததும் உண்டு. வாய்விட்டு வாசிக்கும்போது எழுதினவருக்கே உறைக்கும். தாளில் தப்பு வந்தால் கிழித்துப் போடலாம். கருங்கல்லைக் கிழிக்க முடியாது.

கடற்கரை ஊரான இனயத்தில் பிறந்தவர். கடல் ஒத்துக்கொள்ளவில்லை, வள்ளம் கரையை விட்டு நகர்ந்ததும் குடல் மேலே வந்துவிடும். கல்வேலைக்கு மயிலாடி போனார். வேலை கைக்கு வந்ததும் தக்கலைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் ஓலைச்சாய்ப்பு இறக்கிப் பட்டறை போட்டார். கடற்கரை ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் பாதிக்கு மேல் அவர் கையெழுத்துதான் நிற்கிறது. கல்லை அறுக்கவும் முகம் அரைக்கவும் மிஷின் வந்தபோது வேலை சுளுவானது. தூசும் வந்தது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, அது போதும் என்று நினைத்தார்.

போதவில்லை. மல்லாந்து படுத்தால் நெஞ்சின்மேல் ஒரு கல்லை ஏற்றி வைத்ததுபோல் ஆயிற்று. சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே உறங்கினார். நுரையீரலில் படிந்த கல்தூசு இனிமேல் போகாது, மேற்கொண்டு சேராமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். மருந்து எழுதினார். மருந்து வாங்க வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை, "மூச்சு இழுக்கச் சொல்லித் தருத கண்டக்டர் ஒருத்தரு இருக்காரு, போய்ப் பாருங்க" என்றாள்.

அந்தக் கண்டக்டர்தான் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் சுயம்புராஜ். தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே காலமெல்லாம் நின்றுகொண்டே போய்வந்தவர். அதில் முதுகு போயிற்று. முதுகுக்காக நாகர்கோவிலில் ஒருவரிடம் யோகம் படிக்கப் போனவர், முதுகு நேரான பிறகும் விடவில்லை. கிடைத்த நூலையெல்லாம் வாசித்து, ஒன்றுக்கு ஒன்று முரண்படும் இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டு மாடியில் கூரை போட்டு வகுப்பு நடத்தினார். அய்யாவழிக்காரர். காலையில் தாங்கல் என்கிற வழிபாட்டிடத்தில் பணிவிடை முடித்து, நெற்றியில் தீச்சுடர்போல மேல்நோக்கி எழும் வெள்ளை நாமத்தோடுதான் வகுப்புக்கு வருவார்.

கிளீட்டஸ் போன முதல் நாள், தலைகீழாக நிற்கச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டு போனார். சுயம்புராஜ் ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"இதுல இரும். மூச்ச விடும்."

"இழுக்கவா, விடவா?"

"விடும். இழுக்கது தன்னால நடக்கும். எல்லாவனும் இழுக்கதுலதான் குறியா இருக்கான்."

வந்தவர்களில் சிலர் மூச்சை உள்ளே நிறுத்திப் பழகினார்கள். அதற்குக் கும்பகம் என்று பெயர். கிளீட்டஸும் நிறுத்திப் பார்த்தார். சுயம்புராஜ் முதுகில் தட்டினார். "உமக்குக் கும்பகம் கிடையாது. இருக்க மூச்சே கடன்ல ஓடுது. பைய விடும், அதவிடக் கொறச்சு இழும். மருந்த நிறுத்தினீருன்னு கேட்டேன், படியேற விடமாட்டேன்."

மழைக்காலம் முடியும் முன் ஒரு ராத்திரி கிளீட்டஸ் மல்லாந்து படுத்து உறங்கினார். காலையில் எழுந்து மனைவி கிளாராவிடம் சொன்னபோது, "நான் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன்," என்றாள். பயந்துபோய் இரண்டு தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம். நோய் போகவில்லை. படுக்க முடிந்தது. அந்த அளவுக்குத்தான் கிடைத்தது. அந்த அளவே பெரிதாக இருந்தது.

ஆகவே சுயம்புராஜ் மாடிப்படிக்கு, யோகத்தின் எட்டு நிலைக்கும் எட்டுக் கல் வேண்டும் என்று கேட்டபோது கிளீட்டஸால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

சுயம்புராஜுக்கும் அலுத்துப் போயிருந்தது. "எல்லாவனும் ஆசனத்துக்குத்தான் வாறான். சுகர் கொறையணும், வயிறு கொறையணும். அது மூணாவது ஸ்டேஜ். வில்லுக்குறி ஸ்டாப்புல ஏறி வில்லுக்குறிலயே எறங்குதான். அதுக்கு முந்தி ரெண்டு ஸ்டேஜ் இருக்கு, யாரும் டிக்கெட் எடுக்கல. அதுக்குப் பொறவு அஞ்சு இருக்கு, யாரும் வரல. சொல்லிச் சொல்லி எனக்க தொண்டை போச்சு. கல்லாவது சொல்லட்டு."

கிளாராதான் சண்டைக்கு நின்றாள். "கல்லு வெட்டி மூச்சு போச்சு. மூச்சுக்குப் படிக்கப் போனீங்க. மூச்சு சொல்லித் தந்தவருக்குக் கல்லு வெட்டுதீங்க. இது என்ன கணக்கு?" பிறகு அவளே வழியும் சொன்னாள். உளிவேலை மட்டும், அதுவும் ஈரத்தில், வெயில் ஏறும் முன்னால். அரைக்கிற மிஷினை எடுத்துக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். "அதத் தொட்டா நான் முட்டத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பொறவு எனக்க பேரையும் நீங்களே வெட்டிக்கிடுங்க."

எட்டும் ஒரே பலகையிலிருந்து வேறொரு பட்டறையில் அறுத்து, ஒரு முகம் மெருகேற்றி வந்தவை. படியின் மிதிக்கிற பக்கத்தில் பதிப்பதாகத்தான் சுயம்புராஜ் முதலில் சொன்னார். கிளீட்டஸ் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்தின்மேல் கால் படுவதற்கா வெட்டுவது? மிதிக்கிற இடத்தை விட்டு, ஏறுகிறவரின் கண்ணுக்கு நேரே நிற்கிற படிமுகப்பில் பதிப்பது என்று முடிவாயிற்று.

ஒவ்வொரு கல்லுக்கும் சுயம்புராஜ் வந்து வாசித்தார். வாசித்தால் மட்டும் போதாது என்றாகிவிட்டது. செத்தவர் யார் என்று தெரியாமல் பெயர் வெட்டலாம். இது அப்படியில்லை, அர்த்தம் தெரியாவிட்டால் கை எங்கே அழுத்துவது என்று தெரியாது என்றார் கிளீட்டஸ்.

"இயமம்னா செய்யக்கூடாததுகள். ஒரு உசுருக்கும் துன்பம் செய்யக்கூடாது. பொய் சொல்லக்கூடாது. அடுத்தவன் பொருள எடுக்கக்கூடாது. ஒடம்பு ஆசைய அடக்கணும். தேவைக்கு மேல சேக்கக்கூடாது."

"பத்துக் கட்டளைல பாதி இங்கயே வந்துட்டு."

"எல்லா ரூட்டும் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குத்தான ஓய் போவுது."

இரண்டாம் கல் நியமம்: சுத்தம், இருப்பதில் நிறைவு, தவம், தன்னைத்தானே படிப்பது, கடவுளிடம் ஒப்படைப்பது. நிறைவு என்ற இடத்தில் சுயம்புராஜ் சற்று நிறுத்தி, "இது எனக்கு இன்னும் வரல," என்றார். மூன்றாம் கல்லான ஆசனத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான்காவதான பிராணாயாமத்தை வெட்டும்போது கிளீட்டஸ் ஒவ்வொரு அடியையும் மூச்சு வெளியே போகும்போதே போட்டார், யாரும் சொல்லித்தரவில்லை. ஐந்தாவது பிரத்தியாகாரம். வெளியே மேய்கிற புலன்களை உள்ளே திருப்புவது.

"எங்க தாங்கல்ல சாமி இருக்க எடத்துல கண்ணாடிதான் இருக்கு, பாத்திருக்கீரா? சாமியப் பாக்கப் போனவன் தன்னப் பாத்துக்கிட்டுத் திரும்புதான். அதுதான் இது."

"நாங்க செஞ்ச பாவத்தச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போவோம்லா. கம்பி வலைக்கு அங்க சாமியாரு முகம் தெரியாது. நம்ம சத்தம்தான் நமக்குக் கேக்கும்."

"பின்ன என்ன, அதுவும் இதுதான்."

தாரணைக்கும் தியானத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டபோது சுயம்புராஜ் கொஞ்சம் தடுமாறினார். மனதை ஒன்றில் நிறுத்துவது தாரணை. அது ஓடிப்போகும், பிடித்துக்கொண்டு வர வேண்டும், மறுபடி ஓடும். ஓடாமல் அதுவே ஒழுகிக்கொண்டிருந்தால் தியானம்.

"ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னு போற வண்டி தாரணை," என்றார் கடைசியில். "தியானம் எண்ட் டு எண்ட்."

"அதுல நீரு போயிருக்கீரா?"

"டூட்டி போட்டதில்ல." சிரிக்கவில்லை. "ஓய், உம்மகிட்ட சொல்லுதேன். இத்தன வருசத்துல நான் தாரணையத் தாண்டல. அடுத்த ரெண்டும் போர்டுல எழுதியிருக்கது தெரியும், ஊரு தெரியாது."

ஸ்டேஜ் என்றாலும் படி என்றாலும் ஒன்று முடிந்துதான் அடுத்ததா என்று கிளீட்டஸ் கேட்டார். அதுதான் தனக்கும் உறுத்துகிறது என்றார் சுயம்புராஜ். நூலில் இருக்கிற சொல் அங்கம். அங்கம் என்றால் உறுப்பு. கை, கால், கண் மாதிரி. கை வளர்ந்து முடிந்த பிறகா கால் வளர்கிறது? "ஆனா உறுப்புன்னு சொன்னா முதல்ல உள்ளத விட்டுட்டுப் புடிச்சதப் புடிச்சுக்கிடுவான். அதனால படின்னு சொல்லுதேன். பொய்தான். சின்னப் பொய்."

"முதல் கல்லுல அதுக்கும் எடம் இல்லியே."

"ஒண்ண வெட்டத் தந்தா ஒம்பது கேள்வி கேக்குதீரு."

எட்டாம் கல்லுக்கு வாசிக்க வந்த அன்று இருவருக்குமே சத்தம் குறைந்திருந்தது. "சமாதி," என்று வாசித்துவிட்டு சுயம்புராஜ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவன் என்று தனியாக ஒருவன் இல்லாமல், பார்க்கப்படுவது மட்டும் மிஞ்சுகிற நிலை என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னார். அதைத்தான் ஊரில் புதைகுழிக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். "எங்க அப்பாவ உக்கார வச்சுத்தான் அடக்கினோம். காலு மடக்கி, வடக்க பாத்து. தியானத்துல இருக்கது மாதிரி. மண்ணு மூடுற வரைக்கும் நான் பாத்துக்கிட்டு நின்னேன். ரெண்டு சமாதியும் ஒண்ணுதானோன்னு அன்னைக்குத் தோணிச்சு. இப்ப ஒண்ணும் தோணல." எழுந்து போனார். மறுநாள் காலையில் ஆட்டோவோடு வருவதாகச் சொன்னார். மற்ற ஏழும் பதித்தாயிற்று, கொத்தனார் இதற்காகக் காத்திருந்தார்.

கிளீட்டஸ் வெட்டத் தொடங்கினார். கிளாரா சொன்ன நேரம் தாண்டிவிட்டது. ச முடிந்தது. மா முடிந்தது. தியின் கொக்கியை வளைத்து இறக்கியபோது தோள்பட்டை மரத்துப்போயிருந்தது. உட்கார்ந்து மூச்சை விட்டார், விட்டார், கொஞ்சம் இழுத்தார். வேலை முடிந்துவிட்டது. ஆனால் முடிந்ததாகக் கைக்குத் தெரியவில்லை. குப்பியை நகர்த்தி, எழுத்துக்கு மேலே நடுவில் சொட்டை விழவைத்து, கை தன் பாட்டுக்கு வெட்டியது. இரண்டு விரல் உயரத்துக்கு, நேராக, கீழிருந்து மேலாக. அவர் வெட்டுகிற கோடு நடுவில் பருத்து நுனியில் கூர்ந்திருக்கும். அது அவருடைய கைப்பாங்கு. உளியைக் குறுக்கே திருப்பி வைத்தபோதுதான் கண் பார்த்தது.

சிலுவை.

காலமெல்லாம் ஒவ்வொரு கல்லிலும் பெயர் முடிந்ததும் கடைசியாக வெட்டுவது அதைத்தான். அது விழாமல் கல் முடிந்ததாக ஆகாது. மற்ற ஏழு கல்லிலும் இந்த நினைப்பே வரவில்லை. அந்தச் சொற்களைக் கைக்குத் தெரியாது. சமாதி என்ற சொல்லைத் தெரியும்.

குறுக்குக்கோடு விழவில்லை. நெட்டுக்கோடு விழுந்துவிட்டது, நெல்மணி கிடக்கிற ஆழத்துக்கு. கையால் தேய்த்தால் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். மறுபக்கம் சிமென்ட் பிடிப்பதற்காகக் கொத்திப்போட்ட கரடு, அந்தப் பலகையில் மிச்சமும் இல்லை. எடுக்க வேண்டுமென்றால் முகம் முழுக்க அரைக்க வேண்டும், மெருகேற்ற வேண்டும், சொல்லைத் திரும்ப வெட்ட வேண்டும். அரைக்கிற மிஷின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை எடுத்தால் மல்லாந்து படுக்கிற உறக்கம் போய்விடும். எடுக்காவிட்டால், அய்யாவழிக்காரர் வீட்டு மாடிப்படியில் கேட்காமல் தொடங்கின ஒரு சிலுவை நிற்கும்.

சாயங்காலம் செபமாலை முடிந்ததும் கிளாராவிடம் சொன்னார். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இது அவருக்க நாமம் மாதிரில்லா இருக்கு."

"நாமம் இல்ல."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவரு கண்ணுக்கு நாமந்தான். வாயத் தொறக்காண்டாம். கேட்டாச் சிரிச்சு வையுங்க."

களைப்பில் கிளீட்டஸுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

காலையில் ஆட்டோ வந்து நின்றது. சுயம்புராஜ் இறங்கிவந்தார். நெற்றியில் நாமம் இன்னும் ஈரம் காயவில்லை. ஈரச்சாக்கை விலக்கினார். குனிந்தார். பிறகு விரல் நுனியால் அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலாகத் தொட்டார்.

"ஓய். நான் கேக்கவே இல்லியே."

விரல் மறுபடி கோட்டின்மேல் போனது.

"ஊரெல்லாம் கல்லறை வெட்டுத மனுசன், எனக்க அய்யாவுக்க நாமத்த..." முடிக்காமல் கிளீட்டஸைப் பார்த்தார். முகத்தில் இத்தனை நாள் படிந்திருந்த அலுப்பு விலகியதுபோல் இருந்தது. "இப்பிடி ஒருத்தரும் எனக்குச் செஞ்சது கிடையாது, கேட்டீரா."

வாசலில் கிளாரா நின்றாள். பேசாமல் இருங்கள் என்று கண்ணாலேயே சொன்னாள். கிளீட்டஸ் தலையை ஆட்டினால் போதும். அதுகூட வேண்டாம், சும்மா நின்றாலே போதும். அவர் மூச்சை விட்டார். பேசுவதற்குத் தேவையானதை மட்டும் இழுத்தார்.

"அது நாமம் இல்ல ஓய். சிலுவை. பாதியில நிறுத்தினது."

சுயம்புராஜின் விரல் கல்லிலிருந்து எழுந்தது.

"வேணும்னு இல்ல. சமாதின்னு வெட்டினதும் கை பழக்கத்துல போயிட்டு. குறுக்க வைக்கும்போது கண்டேன். நிறுத்திட்டேன்."

ஆட்டோக்காரர் ஒருமுறை ஹார்ன் அடித்தார். சுயம்புராஜ் முக்காலியில் உட்கார்ந்தார். வந்த களை போய், பழைய அலுப்பு திரும்பியிருந்தது. பிறகு கேட்டார்: "சொல்லாம இருந்தா என்னவாம்? எனக்குத் தெரியவா போவுது?"

"முதல் கல்லையும் நான்தான வெட்டினேன்."

"அது ஒரு எளவு கல்லு." நெற்றியைத் தேய்க்கப் போய், நாமம் நினைவுக்கு வந்து கையை இறக்கினார். "எடுக்க முடியுமா?"

"அரைச்சா எடுக்கலாம்."

"அரைக்க மிஷினு எனக்க கட்டிலுக்க அடியில இருக்கு," என்றாள் கிளாரா வாசலிலிருந்து. "நான் செத்தாத்தான் வெளிய வரும். கண்டக்டர் அண்ணனுக்கு வேணும்னா என்னக் கொன்னுட்டு எடுத்துக்கிடுங்க."

"ஏட்டி, சும்மா இரி," என்றார் கிளீட்டஸ்.

"அவ சொல்லுதது செரிதான ஓய்," என்றார் சுயம்புராஜ். "அதுவும் அந்த முதல் கல்லுலதான் இருக்கு. ஒரு உசுருக்கும் துன்பம் செய்யக்கூடாது. வாசிச்சுத் தந்தது நான்." எழுந்து கல்லைச் சுற்றி வந்தார். எட்டத்தில் நின்று பார்த்தார். அருகில் வந்து பார்த்தார். "எந்தப் பக்கமா பாத்தாலும் எனக்கு நாமமாத்தான் தெரியுது. நீரு சிலுவைங்கீரு. இப்ப எனக்கு ரெண்டும் தெரியுது. ஏன்யா சொல்லித் தொலைச்சீரு?"

"யாராவது கேட்டா என்ன சொல்லுவீரு?"

"கேப்பானுவ. ஒண்ணு ரெண்டு பேரு சண்டைக்கும் வருவானுவ." கொஞ்சம் யோசித்தார். "நடந்தத நடந்த மாதிரி சொல்லுவேன். வேற என்ன செய்ய? கல்லறை வெட்டுதவரு வெட்டினாரு, கை தெரியாம போச்சு, கண்டு நிறுத்தினாருன்னு. நம்பினா ஏறட்டு. நம்பலன்னா கீழ நின்னு மூச்சு விட்டுக்கிட்டுப் போகட்டு."

ஈரச்சாக்கை நன்றாகப் பிழிந்து கல்லின் முகத்தில் போர்த்தினார் கிளீட்டஸ். இரண்டு முனையிலும் கயிறு இட்டார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் சுயம்புராஜ். நாலு எட்டு நடப்பதற்குள் கிளீட்டஸ் நின்றார். சுயம்புராஜும் நின்றார், அவசரப்படுத்தவில்லை. மூச்சு வெளியே போய் முடிந்த பிறகு மறுபடி நடந்தார்கள். ஆட்டோவின் பின் இருக்கையில் சாக்கு விரித்திருந்தது. சுயம்புராஜ் முதலில் ஏறி உட்கார்ந்து, கல்லின் ஒரு முனையை மடிக்கு இழுத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"பிடிச்சீரா?"

"பிடிச்சாச்சு. விடும் ஓய்."

கைகள் விட்டன. கல்லின் ஈரம் உள்ளங்கையில் இருந்தது. சுயம்புராஜ் ஆட்டோவின் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்," என்றார்.